வாயில் வெண்படலம்: சிகிச்சையை டாக்டரோடு சேர்ந்து முடிவு செய்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பல் கிளினிக்குக்குப் போய்வந்தவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்பவர்களில் பாதிப் பேர் வெற்றிலை போடும் அம்மாக்களும் பாட்டிகளும். மீதிப் பேர் அவர்களை ஈப்போ நகரத்து மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் பிள்ளைகள். நான் மருத்துவம் படிக்கவில்லை. அவர்களோடு துணைக்குப் போய்வருகிறவன். நோயைப் பற்றி இங்கே சொல்லியிருப்பவை ஆய்வுகளில் தெரியவந்தவை. உங்கள் வாய்க்கு எது பொருந்தும் என்பதை உங்கள் டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். உங்களைக் கேட்காமல் அவராலும் அதைச் சரியாகச் சொல்ல முடியாது.

பல் கிளினிக்கில் "கன்னத்துக்குள் வெள்ளைப் படலம் இருக்கிறது, ஈப்போவுக்குப் போங்கள்" என்கிறார்கள். அது புற்றுநோயா?

பெரும்பாலும் இல்லை. வழித்தால் போகாத, வேறு காரணம் சொல்ல முடியாத வெள்ளைத் திட்டுக்கு லியூகோபிளாக்கியா என்று பெயர். பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய வாய்ப்புள்ள திட்டு அது. எத்தனை பேருக்கு மாறும் என்பதில் ஆய்வுகள் வேறுபடுகின்றன. பல ஆண்டுகள் கவனித்ததில், 100 பேரில் சுமார் 3 முதல் 10 பேர் வரை என்று தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. மற்றவர்களுக்கு அது அப்படியே இருக்கும், அல்லது சுருங்கும், சிலருக்கு மறைந்தும் போகும்.

சிவப்புத் திட்டு வேறு விஷயம். எரித்ரோபிளாக்கியா எனப்படும் அது அரிதாகத்தான் வரும். வந்தால் ஆபத்து பல மடங்கு. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் புற்றுநோயாகிறது. வெள்ளையும் சிவப்பும் கலந்து புள்ளி புள்ளியாக இருப்பதும், நாக்கின் ஓரத்திலோ நாக்குக்கு அடியிலோ இருப்பதும் கூடுதல் கவனம் வேண்டியவை. கிளினிக்கில் "எந்த இடத்தில், என்ன நிறத்தில், எவ்வளவு பெரியது?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து வேறொரு டாக்டர் பார்க்கும்போது அந்தப் படம் உதவும்.

இந்த அக்கறை நமக்கு ஏன் கூடுதலாக வேண்டும்? மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் விகிதம் மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூன்று இனங்களில் இந்தியர்களிடம்தான் அதிகம். சுகாதார அமைச்சின் பல் மருத்துவக் குழுவினர் தோட்டங்களுக்கே வந்து வாயைத் திறந்து பார்ப்பது அதனால்தான். அவர்கள் வரும் நாளில் வீட்டுக்குள் இருந்துவிடாதீர்கள்.

அம்மாவுக்கு வலியே இல்லை. எதற்காக வெட்டிப் பார்க்க வேண்டும்?

இந்தத் திட்டுகள் பெரும்பாலும் வலிக்காது. வலி வரும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். திட்டுக்குள் செல்கள் எப்படி இருக்கின்றன என்பது கண்ணுக்குத் தெரியாது. மரத்துப்போக ஊசி போட்டு, அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய துண்டை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் பயாப்ஸி. படுக்கையில் சேர வேண்டியதில்லை. அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். சில நாள் காரம் சாப்பிட முடியாது. இரத்தம் இளகும் மாத்திரை எடுப்பவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

கத்தி பட்டால் பரவிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்களே?

பரவாது. இந்த ஒரு பேச்சினால் பயாப்ஸிக்குப் போகாமல் நின்றவர்கள் நம் தோட்டங்களில் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தது வேறாக இருக்கும்: ஏற்கனவே முற்றிப்போன ஒருவருக்கு வெட்டி எடுத்தார்கள், அவர் சில மாதத்தில் இறந்தார். பயாப்ஸி செய்ததால் அவர் இறக்கவில்லை. தாமதமாக வந்ததால் இறந்தார்.

பயாப்ஸி முடிவு வந்துவிட்டது. அதில் எதைப் பார்க்க வேண்டும்?

டிஸ்பிளேசியா என்ற சொல் இருக்கிறதா, இருந்தால் எந்த அளவில் என்று கேளுங்கள். செல்கள் ஒழுங்கு மாறத் தொடங்கியிருப்பதைத்தான் அச்சொல் குறிக்கிறது. லேசானது, நடுத்தரமானது, கடுமையானது என்று மூன்று படிகள் உண்டு. சிகிச்சை பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்தப் படியை வைத்துத்தான் நடக்கும். முடிவின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள்.

என்னென்ன சிகிச்சைகள் இருக்கின்றன?

முதலாவது, கெட்ட பழக்கத்தை நிறுத்திவிட்டுக் கவனித்து வருவது. டிஸ்பிளேசியா இல்லாதவர்களுக்கும் லேசாக இருப்பவர்களுக்கும் இதைப் பல டாக்டர்கள் சொல்வார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறையோ அதற்கு முன்னரோ போய்க் காட்ட வேண்டும். திட்டு மாறினால் மறுபடி பயாப்ஸி.

இரண்டாவது, கத்தியால் வெட்டி எடுப்பது. நடுத்தரம், கடுமை என்று முடிவு வந்தால் டாக்டர்கள் பெரும்பாலும் இதைத்தான் பரிந்துரைப்பார்கள். முழுத் திட்டும் கையில் வருவதால் அதை மொத்தமாகப் பரிசோதிக்கலாம். சிறு துண்டில் தப்பியது இதில் அகப்படுவது உண்டு. பெரிய திட்டாக இருந்தால் தழும்பு இழுத்துப்பிடிக்கும், நாக்கு அசைவதும் வாய் திறப்பதும் சிலருக்குக் குறையும்.

மூன்றாவது, லேசர். இரத்தம் குறைவாகப் போகும், தழும்பும் குறைவு. லேசரால் வெட்டி எடுப்பதும் உண்டு, ஆவியாக்கி எரிப்பதும் உண்டு. எரித்துவிட்டால் நுண்ணோக்கியில் பார்க்க எதுவும் மிஞ்சாது. எனவே "வெட்டுகிறீர்களா, எரிக்கிறீர்களா?" என்று கேட்பது நியாயமான கேள்வி. குளிரால் உறையவைத்து அழிப்பதிலும் இதே குறை உண்டு.

இவற்றில் எது சிறந்தது என்று ஆய்வுகள் அடித்துச் சொல்லவில்லையா?

சொல்லவில்லை. இதை மறைக்காமல் சொல்லும் டாக்டரை நம்பலாம். டிஸ்பிளேசியா உள்ளவர்களைப் பற்றி 2009இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், திட்டை அகற்றாதவர்களில் 100க்குச் சுமார் 15 பேருக்கும், அகற்றியவர்களில் சுமார் 5 பேருக்கும் புற்றுநோய் வந்திருந்தது. அகற்றுவது நல்லது என்று இது காட்டுகிறது. ஆனால் அகற்றிய பிறகும் வந்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள். மேலும், குலுக்கல் முறையில் ஒரு குழுவுக்கு அறுவை செய்து மறு குழுவுக்குச் செய்யாமல் ஒப்பிட்ட சோதனை எதுவும் இல்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016இல் வெளியிட்ட தொகுப்பு குறிப்பிட்டது. வெட்டிய இடத்திலேயே திட்டு திரும்ப வருவதும் உண்டு.

இதனால் இரண்டு விஷயங்கள் தெளிவாகின்றன. எந்தச் சிகிச்சை எடுத்தாலும் வாழ்நாள் முழுக்கப் போய்க் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். "எடுத்துவிட்டார்கள், முடிந்துவிட்டது" என்று இருந்துவிட முடியாது. அடுத்து, மருத்துவமே ஒரே பதிலைச் சொல்லாத இடத்தில் உங்கள் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் பதிலைத் தீர்மானிக்கிறது.

டாக்டர் படித்தவர். நாங்கள் செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள். நாங்கள் என்ன முடிவு செய்வது?

எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் கேள்வி இது. திட்டைப் பற்றி டாக்டருக்குத் தெரியும். அந்தத் திட்டு இருக்கும் ஆளைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஈப்போவுக்கு வர முடியுமா? மகன் ஜொகூரில் வேலை செய்கிறான், வண்டி ஓட்ட ஆள் இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? பாட்டி இரவில் வெற்றிலையை அடக்கிக்கொண்டே தூங்குகிறார் என்பதை யார் சொல்வது?

ஓர் உதாரணம். லேசான டிஸ்பிளேசியா உள்ள இருவர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பட்டணத்திலேயே இருக்கிறார், பிள்ளைகள் அருகில் இருக்கிறார்கள், பாக்கை அன்றே விட்டுவிட்டார். கவனித்து வருவது அவருக்குப் பொருத்தமாக இருக்கும். மற்றவர் உள்தோட்டத்தில் லயத்தில் தனியாக இருக்கிறார், பஸ் கிடையாது, முந்தைய இரண்டு சந்திப்புகளையும் தவறவிட்டவர். அவரிடம் "ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்று சொல்வது காகிதத்தில் மட்டுமே இருக்கும் திட்டம். சிறிய திட்டாக இருந்தால் இப்போதே எடுத்துவிடுவது அவருக்கு நல்லதாகலாம், அல்லது இடைக்கால சோதனையைச் சுங்கை சிப்புட் பல் கிளினிக்கிலேயே செய்ய ஏற்பாடு செய்யலாம். பயாப்ஸி முடிவு இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் சரியான சிகிச்சை வேறு.

இதெல்லாம் டாக்டரின் காதில் விழ வேண்டும். நம்மவர்கள் உள்ளே போனதும் "சரிங்க டாக்டர்" என்று தலையாட்டிவிட்டு, வெளியே மருந்தகத்து வரிசையில் நின்று "இதெல்லாம் நம்மால் ஆகிற காரியமா?" என்று பேசுவார்கள். அந்த இரண்டாவது பேச்சை அறைக்குள்ளேயே பேசிவிடுங்கள். அதை மரியாதைக் குறைவாக எந்த நல்ல டாக்டரும் எடுத்துக்கொள்ள மாட்டார்.

உள்ளே போனால் எல்லாம் மறந்துவிடுகிறது. என்ன கேட்பது?

ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். எனக்கு இருக்கும் வழிகள் என்னென்ன? ஒவ்வொன்றிலும் நன்மை என்ன, தொல்லை என்ன? எதுவும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? சாப்பிடுவதும் பேசுவதும் எப்படி மாறும்? எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது? திரும்ப வந்தால் என்ன செய்வீர்கள்?

"ஆபத்து குறைவு" என்று மட்டும் சொன்னால், "என்னைப்போல் 100 பேர் இருந்தால் எத்தனை பேருக்கு?" என்று கேளுங்கள். சரியான எண் அவரிடம் இல்லாமல் இருக்கலாம், அதையும் சொல்லட்டும். கடைசியில் ஒரு காரியம் மறக்காமல் செய்யுங்கள்: நீங்கள் புரிந்துகொண்டதை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லுங்கள். தவறாகப் புரிந்திருந்தால் அங்கேயே திருத்திவிடுவார். அன்றைக்கே பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. "வீட்டில் பேசிவிட்டு அடுத்த வாரம் சொல்கிறேன்" என்றால் ஒன்றும் கெட்டுவிடாது. கடுமையான டிஸ்பிளேசியா என்றால் மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

அம்மாவுக்கு மலாய் சரியாக வராது. பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துப்போகலாமா?

பதின்ம வயதுப் பிள்ளையை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். பாட்டிக்கு வரக்கூடிய ஆபத்தை அந்தப் பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டியிருக்கும். பயந்து பாதியை விழுங்கிவிடும். வளர்ந்த ஒருவர் வரட்டும். தமிழ் பேசும் தாதியோ டாக்டரோ இருக்கிறாரா என்று பதிவு முகப்பிலேயே கேளுங்கள்; ஈப்போவில் பெரும்பாலும் யாராவது இருப்பார்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்து வைக்கும் முன் ஒவ்வொரு பத்தியையும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.

புகையிலை சேர்க்காமல் வெறும் வெற்றிலை பாக்குப் போட்டால் பரவாயில்லையா?

இல்லை. புகையிலையோடு வெற்றிலை போடுவது புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1985இலேயே அறிவித்தது. 2004இல் புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கையும், பாக்கைத் தனியாகவும் அதே பட்டியலில் சேர்த்தது. நாம் ஆண்டாண்டு காலமாகப் புகையிலையை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். பாக்குக்கும் அதில் முழுப் பங்கு உண்டு. சிகரெட்டும் சம்சு எனும் மலிவுச் சாராயமும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் ஏறும்.

விடுவதால் பலன் உண்டு. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் கிராமத்து மக்களுக்குப் புகையிலையை விடச் சொல்லிப் பல ஆண்டுகள் எடுத்துரைத்தபோது, புதிதாக வெண்படலம் வருவது குறைந்தது. ஏற்கனவே இருக்கும் படலமும் சிலருக்குச் சுருங்கும்.

ஆனால் ஐம்பது ஆண்டாகப் போட்டவரிடம் "நாளையிலிருந்து கூடாது" என்றால் நடக்காது. பாக்கிலேயே அடிமைப்படுத்தும் பொருள் இருக்கிறது. எனவே விடுவதையும் சிகிச்சையைப்போலவே டாக்டரோடு பேசித் திட்டமிடுங்கள். முதலில் இரவில் அடக்கிக்கொண்டு தூங்குவதை நிறுத்தலாம். அடுத்து புகையிலை, பிறகு பாக்கு. கை பழகிய நேரத்தில் ஏலக்காயோ சோம்போ வாயில் போடலாம். சிகரெட்டை நிறுத்த உதவும் எம்குவிட் சேவை அரசாங்கக் கிளினிக்குகளில் இருக்கிறது. ஒளித்துவைத்துப் போடும் பாட்டியைத் திட்டாதீர்கள். திட்டினால் அவர் டாக்டரிடமும் "விட்டுவிட்டேன்" என்பார், அந்தப் பொய்யை நம்பித்தான் டாக்டர் சிகிச்சையை முடிவு செய்வார். திருமணத்தில் தாம்பூலத் தட்டு இருக்கட்டும், சாமிக்குப் படைப்பதும் இருக்கட்டும். வாய்க்குள் போகாமல் இருந்தால் போதும்.

படலத்தோடு வாயும் சரியாகத் திறக்கவில்லை, காரம் பட்டால் எரிகிறது. அதே நோயா?

அது சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் ஆக இருக்கலாம். பாக்கினால் கன்னத்தின் உட்சவ்வு நாராக இறுகிப்போகும் நிலை. பாக்கை விட்டாலும் இறுகியது பழைய நிலைக்குத் திரும்பாது. மேலும் இறுகாமல் தடுக்கத்தான் முடியும். வாய் திறக்கும் பயிற்சி, ஊசி மருந்து, முற்றினால் அறுவை என்று வழிகள் உண்டு. இதுவும் 100க்குச் சுமார் 4, 5 பேருக்குப் புற்றுநோயாகிறது. வாய் திறப்பை இப்போதே அளந்து குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

மஞ்சள், வைட்டமின் மாத்திரை கொடுத்தால் போகாதா?

வைட்டமின் ஏ வகை மருந்துகளால் படலம் சுருங்கியது உண்மை. நிறுத்தியதும் பலருக்குத் திரும்ப வந்தது. புற்றுநோயைத் தடுத்தது என்று நிரூபணமாகவில்லை, பக்கவிளைவுகளும் உண்டு. மஞ்சளிலுள்ள குர்குமினையும் இந்தியாவில் சோதித்தார்கள். படலத்தில் ஓரளவு மாற்றம் தெரிந்தது, புற்றுநோயைத் தடுக்குமா என்பதற்குப் பதில் கிடைக்கவில்லை. சமையலில் மஞ்சள் தாராளமாக இருக்கட்டும். அதைச் சிகிச்சையாக எண்ணிச் சந்திப்பைத் தவறவிட வேண்டாம். நாட்டு மருந்து எடுத்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

செலவுக்கும் லீவுக்கும் என்ன செய்வது?

குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்), மருத்துவமனை நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளி என்பதுதான் வழக்கமான பதிவுக் கட்டணம். உண்மையான செலவு போக்குவரத்தும் ஒரு நாள் சம்பளமும். டாக்டர் எம்.சி. எனும் மருத்துவ விடுப்புச் சான்றிதழ் கொடுத்தால் அந்த நாளுக்குச் சம்பளம் உண்டு. 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் 22 நாள். மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தால் 60 நாள். 2023 முதல் இந்த 60 நாள் மேலே சொன்ன நாள்களில் சேராத தனிக்கணக்கு. வெறும் வருகைச் சீட்டு கொடுத்தால் எம்.சி. ஆகாது. எனவே அறையை விட்டு வரும் முன்பே கேட்டுவிடுங்கள். கண் பரிசோதனை, நீரிழிவுச் சந்திப்பு எல்லாவற்றையும் ஒரே நாளில் போடச் சொன்னால் சில நேரம் போட்டுக்கொடுப்பார்கள்.

அம்மா பயப்படுவார். அவரிடம் சொல்லாமல் நாங்களே முடிவு செய்துவிடலாமா?

அன்பினால்தான் கேட்கிறீர்கள் என்பது புரிகிறது. ஆனால் வாய் அவருடையது. பாக்கை விட வேண்டியவரும் அவர்தான், கத்தியைத் தாங்க வேண்டியவரும் அவர்தான். காரணம் தெரியாமல் யாரும் ஐம்பது ஆண்டுப் பழக்கத்தை விடமாட்டார்கள். "இது இன்னும் புற்றுநோய் இல்லை, ஆகாமல் பார்த்துக்கொள்ளத்தான் போகிறோம்" என்று சொல்லிப்பாருங்கள். பிள்ளைகள் நினைப்பதைவிட நம் தாய்மார்கள் மனவலிமை உள்ளவர்கள். எல்லாம் கேட்ட பிறகு "நீயே பேசு ஐயா" என்று அவரே சொன்னால் அதுவும் அவருடைய முடிவுதான். அப்போது தாராளமாகப் பேசுங்கள்.

தோலில் வரும் திட்டுகளுக்கும் இதே முறையா?

முறை ஒன்றுதான், நோய் வேறு. வெயிலால் தோலில் வரும் ஆக்டினிக் கெரட்டோசிஸ் எனும் சொரசொரப்பான திட்டுகள் வெள்ளைத் தோல் உடையவர்களிடம் அதிகம். கறுத்த தோலில் அரிது. பிறவியிலேயே நிறமி இல்லாதவர்கள் மட்டும் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அதற்கும் உறையவைத்தல், களிம்பு, ஒளிச்சிகிச்சை என்று பல வழிகள் உண்டு. களிம்பு வாரக்கணக்கில் எரியும், தோல் சிவந்து உரியும். அதைத் தாங்க முடியுமா என்பதை நோயாளிதான் சொல்ல முடியும். நாம் கவனிக்க வேண்டியவை வேறு: பழைய தீக்காயத் தழும்பில் ஆறாத புண், காலில் ஆண்டுக்கணக்கில் இருக்கும் புண், உள்ளங்காலில் பெரிதாகிவரும் கறுப்புத் திட்டு. இவற்றைக் கிளினிக்கில் காட்டுங்கள்.

வீட்டிலேயே எப்படிக் கவனிப்பது? எப்போது தேதிக்குக் காத்திருக்காமல் ஓட வேண்டும்?

திருவனந்தபுரத்தில் 1996இல் தொடங்கிய பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வெறும் கண்ணாலும் வெளிச்சத்தாலும் வாயைப் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடம் வாய்ப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நீங்களும் மாதம் ஒரு முறை டார்ச்சும் கண்ணாடியும் வைத்து இரு கன்னங்கள், ஈறு, நாக்கின் இரு ஓரங்கள், நாக்குக்கு அடி, அண்ணம் ஆகியவற்றைப் பாருங்கள். பல்செட் இருந்தால் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண், வெள்ளைக்குள் புதிதாகச் சிவப்பு, தொட்டால் கெட்டியாகத் தெரிவது, காரணமில்லாத இரத்தக் கசிவு, ஆடத் தொடங்கிய பல், விழுங்கும்போது வலி, உதடோ நாக்கோ மரத்துப்போவது, கழுத்தில் கட்டி. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த சந்திப்பு மூன்று மாதம் தள்ளி இருக்கிறதே என்று காத்திருக்காமல், மறுநாள் காலையிலேயே பல் கிளினிக்குக்குப் போய் சந்திப்பு அட்டையைக் காட்டி, தேதியை முன்னுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.